பிறருக்காகப் பேசுவது

ஆங்கிலத்திலே 'இன்டர்சீட்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. தமிழில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பரிந்து பேசுதல், சிபாரிசு செய்தல், மத்தியஸ்தம் பண்ணுதல், மன்றாடுதல் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். மருமகனுக்கு வேலை போட்டுக் கொடுக்கும்படி மேலதிகாரியின் காதிலே ஒரு வார்த்தை போடுகிறவரும், தூக்குமேடைக்குப் போகிறவனுக்காகக் கருணை மனு எழுதுகிறவரும், பாகப்பிரிவினைச் சண்டையிலே அண்ணன் தம்பிகளுக்கு நடுவே உட்காருகிறவரும் ஒரே காரியத்தையா செய்கிறார்கள்?

இந்த வினைச்சொல்லுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. 'நட', 'சிரி' என்றால் ஓர் ஆள் போதும். 'அடி', 'அணை' என்றால் இரண்டு பேர் வேண்டும். இதற்கோ மூன்று பேர் இல்லாமல் நடக்காது. பேசுகிறவர் ஒருவர், யாரிடம் பேசுகிறாரோ அவர் ஒருவர், யாருக்காகப் பேசுகிறாரோ அவர் ஒருவர். 'இன்னாரிடம்' என்றும் 'இன்னாருக்காக' என்றும் இரண்டு வேற்றுமை உருபுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சொல் இது. மத்தியஸ்தத்துக்கும் மூன்று பேர் வேண்டும்தான். ஆனால் மத்தியஸ்தர் தராசு முள்ளைப் போல நடுவிலே நிற்க வேண்டியவர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் மத்தியஸ்தர் அல்லர். பரிந்து பேசுகிறவரோ சாய்ந்தே நிற்கிறார். தாம் சாய்ந்திருப்பதை அவர் மறைப்பதுமில்லை. அந்த வெளிப்படையான சாய்வுதான் அவருடைய யோக்கியதை.

லத்தீன் மொழியிலே இந்தச் சொல் பிறந்தது. 'இடையிலே போதல்' என்பது அதன் நேர்ப்பொருள். நமக்கு இன்று அது வாயால் செய்கிற காரியமாகத் தோன்றுகிறது. பழைய ரோமாபுரியிலே அது காலால் செய்கிற காரியமாகவும், பணப்பையால் செய்கிற காரியமாகவும் இருந்திருக்கிறது.

கிறிஸ்து பிறப்பதற்கு 494 ஆண்டுகளுக்கு முன்னால், ரோமாபுரியின் சாமானிய மக்கள் பிரபுக்களின் கொடுமை பொறுக்காமல் நகரத்தை விட்டே வெளியேறினார்கள் என்பது அந்நாட்டு மரபு வழி வரலாறு. அந்தப் பிணக்கு தீர்ந்தபோதுதான் 'ட்ரிப்யூன்' என்னும் பதவி ஏற்பட்டது. சாமானியன் ஒருவனை அதிகாரி தண்டிக்கப் போனால், ட்ரிப்யூன் குறுக்கே வந்து நின்று தடுக்கலாம். அப்படித் தடுப்பதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'இன்டர்செஸ்ஸியோ.' ட்ரிப்யூனுடைய உடம்பைத் தீண்டுவது பெரும் பாவம் என்று சத்தியம் செய்து வைத்திருந்தார்கள். அவருடைய வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். அவர் ஓர் இரவுகூட நகரத்துக்கு வெளியே தங்கக் கூடாது. அழுதுகொண்டு ஓடி வருகிறவன் கதவைத் தட்டிக் காத்திருக்கலாகாதாம்! இன்று நம்முடைய பெரிய மனிதர்களின் வாசல்களிலே காத்துக் கிடக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திறந்த கதவு என் நினைவுக்கு வரும்.

ரோமானியச் சட்டத்திலே இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது: இன்னொருவன் பட்ட கடனுக்குத் தான் பிணை நிற்பது. நாம் ஜாமீன் கையெழுத்து என்கிறோமே, அது. கடன்காரன் ஓடிப்போனால் கையெழுத்துப் போட்டவன் வீட்டு அண்டா குண்டான்கள் தெருவுக்கு வரும். கி.பி. முதல் நூற்றாண்டிலே, பெண்கள் பிறர் கடனுக்கு இப்படிப் பிணை நிற்பது செல்லாது என்று ரோமானிய ஆட்சி மன்றம் தீர்மானம் செய்தது. கணவன்மார்கள் மனைவிமார்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கலை நேற்று உண்டானதல்ல என்று தெரிகிறது.

ஆக, அந்நாளிலே இடையில் புகுந்தவன் தன் உடம்பையோ தன் உடைமையையோ கொண்டுவந்து வைத்தான். தமிழ்ச் சொல்லோ வேறொன்றை வைக்கச் சொல்லுகிறது. பரிதல் என்றால் இரங்குதல், அன்பினால் உள்ளம் நெகிழ்தல். முதலில் பரிய வேண்டும். பிறகு பேச வேண்டும். பரியாமல் பேசுகிற பேச்சுக்குச் 'சிபாரிசு' என்ற பாரசீகச் சொல்லை நாம் இரவல் வாங்கி வைத்துக்கொண்டோம். அதையும் நல்ல தமிழாக்க எண்ணியவர்கள் 'பரிந்துரை' என்று மாற்றினார்கள். இன்று மருந்துச் சீட்டும் பரிந்துரை, கமிட்டியின் அறிக்கையும் பரிந்துரை. தேவாலயத்திலே புனிதர்களின் பரிந்துரை என்கிறபோது மட்டும் அந்தப் பழைய பரிவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு, தேசிங்கு ராஜனுக்காக ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த வட்டாரத்திலே தொண்டூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த சங்கதி ஒன்று அந்த ஊர்க் குன்றிலே இருக்கிறது. சமணத் துறவிகள் தங்குவதற்காகக் கல்லிலே வெட்டிய படுக்கைகள். அருகே பழந்தமிழ் எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு எழுத்து என்று அறிஞர் கணிக்கிறார்கள். இளங்காயிபன் என்பவன் ஏவினான், மோசி என்பவன் இந்த இருக்கையைச் செய்தான், அகழூர் அறம். இவ்வளவுதான் செய்தி. அகலூர் என்ற பெயரிலே அந்த ஊர் இன்றும் பக்கத்திலே இருக்கிறது.

பாறையிலே படுத்துக்கொள்ளப் போகிற துறவியின் பெயர் கல்வெட்டிலே இல்லை. அவர் வாய் திறந்து கேட்டிருக்கவும் மாட்டார்; கேட்பது அவருடைய தர்மமல்ல. அவருக்காக ஒருவன் சொன்னான், இன்னொருவன் செய்தான். நம்முடைய வினைச்சொல் கேட்கிற மூன்று பேரும் அந்தக் கல்லிலே இருக்கிறார்கள். சொன்னவன் பெயர் செய்தவன் பெயருக்கு முன்னாலே வருகிறது. அதனாலே ஏவியதும் ஒரு தர்மமாகவே எண்ணப்பட்டது போலும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் அந்தத் துறவிகளின் சமயம் இருக்கிறதே, அது பரிந்து பேசுவதற்கே இடம் கொடாத சமயம். செஞ்சிக்கு அருகிலேயே திருநாதர் குன்று இருக்கிறது. பாறை முகத்திலே இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து அங்கே உயிர் நீத்தார் என்று ஒரு கல்வெட்டுச் சொல்கிறது. 57 நாள்! யாரும் அவருக்காக யாரிடமும் மன்றாடவில்லை, மன்றாடவும் முடியாது. அருகர் யாருக்கும் வரம் கொடுப்பதில்லை, யாரையும் கோபிப்பதுமில்லை. அவரவர் வினை அவரவர்க்கு. இடையிலே ஒருவன் புகுந்து கணக்கைத் திருத்த முடியாது. நினைத்துப் பார்த்தால் அச்சமூட்டுகிற நேர்மை அது. சிபாரிசே செல்லாத ஓர் அரசாங்கம்! ஆனாலும் தமிழ்நாட்டுச் சமண இல்லறத்தார் தீர்த்தங்கரருக்குப் பக்கத்திலே தருமதேவி, பத்மாவதி என்று இயக்கியரையும் வைத்துக் கும்பிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அசையாத தத்துவத்திடம் போய் நிற்க முடியுமா? ஒரு தாய் முகம் வேண்டியிருக்கிறது.

அதே செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றிலே, குடைவரைக் கோயிலிலே, அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கே தத்துவம் நேர்மாறானது. வைணவ ஆசாரியர்கள் 'புருஷகாரம்' என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள். ஜீவன் குற்றம் செய்தவன். பகவான் தண்டிக்கும் உரிமை உள்ளவன். நேரே போனால் காரியம் கெட்டுவிடும். ஆகையால் பிராட்டியை முன்னிட்டுக்கொண்டு போ என்கிறார்கள். பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்திலே இதைத்தான் முதலிலே எடுத்து விளக்குகிறார். நம் வீடுகளிலே நடக்காததா இது? அப்பாவிடம் நேரே கேட்கத் துணியாத பையன் அடுக்களைக்குள்ளே போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அம்மா சாதம் பரிமாறும்போது, சமயம் பார்த்து, மோர் ஊற்றுகிற நேரத்திலே பேச்சை எடுக்கிறாள். அந்த மோர் சாத நேரத்தைத்தான் ஆசாரியர்கள் சாஸ்திரமாக எழுதினார்கள் என்று சொன்னால் பக்தர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் சிங்கவரத்துப் பெருமாளே ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அந்தப் பக்கத்திலே கதை சொல்வார்கள். 1714-ல் ஆர்க்காட்டு நவாபோடு போருக்குப் புறப்பட்ட இளைஞன் தேசிங்கு, உத்தரவு கேட்டு நின்றானாம். பெருமாள் தலையைத் திருப்பினாராம். அவனும் பொருட்படுத்தாமல் போய் மாண்டான். அவனுக்கும் நவாபுக்கும் நடுவிலே புகுந்து, பாக்கிக் கப்பத்துக்குத் தவணை வாங்கிக் கொடுக்க ஒரு நல்ல மனிதன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாட்டுப்பாடல் நமக்குக் குறைந்திருக்கும்; சில நூறு தாய்மார்கள் அழாமல் இருந்திருப்பார்கள்.

இந்த இடத்திலே ஒரு கேள்வி எழுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவன் நீதிமான் என்றால் பரிந்து பேச வேண்டிய அவசியமே இல்லை; அவன் தானாகவே நியாயத்தைச் செய்வான். நீதிமான் அல்லன் என்றால், அவனிடம் போய்க் கெஞ்சுவது அவனுடைய அநியாயத்துக்கு ஒரு கும்பிடு போடுவதாக அல்லவா ஆகும்? ஒருவனைக் கெஞ்சிக் காப்பாற்றிவிட்டு, கெஞ்ச ஆள் இல்லாத ஒன்பது பேரை அவன் கையிலே விட்டுவிட்டு வருவதா? சமணத் துறவி கேட்டால் இப்படித்தான் கேட்பார். இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது.

எனக்குத் தெரிந்த விடை, செஞ்சியிலிருந்து தென்மேற்கே, பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர் நாட்டுப் பிள்ளைகள் இருவரின் கதையிலே இருக்கிறது. அது மலையமான்களின் நாடு. மலையமான் ஒருவனுடைய மக்களைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்துக்கொண்டு வந்து யானைக் காலிலே இடத் தீர்மானித்துவிட்டான். தகப்பன் மேல் என்ன பகையோ, பாட்டு அதைச் சொல்லவில்லை. யானை கொண்டுவந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அப்போது கோவூர் கிழார் என்னும் புலவர் இடையிலே புகுந்தார். அவர் பாடிய பாட்டு புறநானூற்றிலே 46-ஆம் பாட்டாக இருக்கிறது.

அவர் என்ன பேசினார் என்று கவனிக்க வேண்டும். பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்று வக்கீலைப் போல வாதாடவில்லை. அரசனைக் கொடியவன் என்று ஏசவுமில்லை. முதலில், புறாவின் துயரைத் தீர்த்தவன் மரபிலே வந்தவன் நீ என்று அரசனுக்கு அரசனைக் காட்டினார். பிறகு, புலவர்கள் வறுமைப்படக் கூடாதென்று தம் சோற்றைப் பகிர்ந்து உண்டவர்கள் மரபிலே வந்தவர்கள் இவர்கள் என்று பிள்ளைகளைக் காட்டினார். அதன் பிறகுதான் அந்த இணையற்ற காட்சி வருகிறது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள்! தம்மைக் கொல்ல வந்த யானையை அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு முன்பின் தெரியாத அந்தச் சபையைப் பார்த்து மிரளுகிறார்கள்; இதுவரை அறியாத ஒரு புதுத் துன்பம் அவர்களுக்கு. இவ்வளவும் சொல்லிவிட்டு, கேட்டாயல்லவா, இனி உன் விருப்பம்போல் செய் என்று புலவர் நிறுத்திக்கொண்டார்.

கிள்ளிவளவனுக்கு அதுவரை பிள்ளைகள் தெரியவில்லை. அவன் கண்ணிலே தெரிந்தது பகைவனின் வித்து. நீதிமானுக்கும் இந்தக் குறை உண்டு. அவன் கையிலே வழக்கு இருக்கும், எண் இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும், முகம் இராது. பரிந்து பேசுகிறவன் முகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறான். நீதியை மாற்று என்று அவன் கேட்கவில்லை. பார்த்துவிட்டுச் செய் என்றுதான் கேட்கிறான். பார்த்துவிட்டால் அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது என்று அவனுக்கு மனிதர்கள் மேலே ஒரு நம்பிக்கை. புறநானூற்றின் அடிக்குறிப்பு அந்தச் செயலை 'உய்யக்கொண்டது' என்று குறிக்கிறது. சபையிலே ஒரு பாட்டுப் பாடியதற்கு எத்தனை பெரிய வினைச்சொல்! ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் எதை வைத்து ஆடினார் என்பதையும் பார்க்க வேண்டும். சோழனின் ஆதரவிலே வாழ்கிற புலவர். நடுச்சபையிலே, யானை நிற்கும்போது, பகைவன் பிள்ளைகளுக்காகப் பேசுகிறார். அந்தக் காலத்திலே இது விளையாட்டுக் காரியமல்ல. உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று சொல்லி நெடுங்கிள்ளி கொல்லப் போனான். அவரைக் காப்பாற்றப் பேசியவரும் இதே கோவூர் கிழார்தான். ஆகையால் புலவர் கழுத்துக்கும் வாள் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். யூத மக்களின் பழைய ஏற்பாட்டிலே எஸ்தர் ராணி இருக்கிறாள். அழைக்காமல் அரசன் முன்னே போனால் மரணம் என்று தெரிந்தும், தன் மக்களுக்காக அவள் அலங்கரித்துக்கொண்டு போய் நின்றாள். அவளும் கோவூர் கிழாரின் இனம்தான்.

இனி நம்முடைய சிபாரிசுக்கு வருவோம்.

எழுத்தாளன் என்று பெயர் வாங்கிவிட்டால் கதை கேட்டு வருகிறவர்களைவிடக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். தூரத்து உறவிலே பெரியவர் ஒருவர் தம் பேரனுக்குக் கல்லூரியிலே இடம் வேண்டுமென்று வந்தார். கல்லூரித் தலைவர் என் கதைகளைப் படிக்கிறவராம். பையன் மார்க்குகள் சுமார். நான் தயங்கினேன். பெரியவருக்கு வருத்தமாகிவிட்டது.

"உனக்கு என்ன தம்பி நஷ்டம்? ஒரு காகிதம்தானே!" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. எனக்கு நஷ்டம் ஒரு காகிதம். எழுதச் சொன்ன அவருக்கும் நஷ்டமில்லை. நஷ்டப்படப் போகிறவன் அந்த அறையிலேயே இல்லை. எந்த ஊரிலோ, எந்தத் திண்ணையிலோ உட்கார்ந்து, பத்து மார்க்கு அதிகம் வாங்கிவிட்டு, தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பையன். அவனுக்கு எழுத்தாளர் மாமா இல்லை. இந்த வினைச்சொல்லுக்கு மூன்று பேர் வேண்டும் என்று தொடக்கத்திலே சொன்னேன். இலக்கணத்தில் வராத நான்காவது ஆள் ஒருவனும் உண்டு. பெரும்பாலும் செலவெல்லாம் அவன் தலையிலேதான் விழுகிறது.

கோவூர் கிழார் கேட்டதைக் கொடுத்ததால் எந்தப் பிள்ளையின் உயிரும் பறிபோகவில்லை. இரண்டு உயிர் தப்பியது. அரசனின் கோபம் ஒன்றுதான் நஷ்டம். வேலைக்கும் இடத்துக்கும் செய்கிற சிபாரிசு அப்படியல்ல. அங்கே இருப்பது எண்ணிக்கையிட்ட நாற்காலிகள். ஒருவனை உட்கார வைத்தால் ஒருவனை எழுப்பியாக வேண்டும். இதற்காக எல்லாச் சிபாரிசையும் பாவம் என்று நான் தள்ளிவிடவில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாமல், எந்த ஜன்னலில் கேட்பது என்று தெரியாமல், ஆபீஸ் வாசலிலே விழித்துக்கொண்டு நிற்கிற கிழவிக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுக்கிறவன் யாருடைய நாற்காலியையும் பறிக்கவில்லை. அவளுக்கு உரியதை அவளிடம் சேர்க்கிறான். அவனை ட்ரிப்யூன் என்றே சொல்லலாம். கதவை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.

செலவு இன்னும் கொடுமையான இடத்திலே விழுவதும் உண்டு. கிராமத்திலே ஏழைப் பெண் ஒருத்தியை ஒருவன் கெடுத்துவிட்டான் என்றால், உடனே நாலு பெரிய மனிதர்கள் கூடிவிடுவார்கள். "சின்னப் பையன், ஏதோ நடந்துவிட்டது, அவன் வாழ்வும் கெட வேண்டுமா? அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்" என்று பரிந்து பேசுவார்கள். பரிவு இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பேச இடம் மட்டும் இல்லை. கிராமத்துத் திண்ணையோடு இது போகவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே அப்படி ஓர் உத்தரவு வந்தது. சிறுமி ஒருத்தியைப் பலாத்காரம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவனுக்கு ஜாமீன் கொடுத்து, அவளோடு சமரசம் பேசிப் பார்க்க வழி செய்தது அந்த உத்தரவு. அதற்குள் அவள் ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்தாள். கருணையினாலேயே அந்த உத்தரவு பிறந்திருக்கலாம்; ஆனால் அவளைக் கேட்டுப் பிறக்கவில்லை. அவள் அவனோடு பேச மறுத்துவிட்டாள். ஜூலை முதல் தேதி உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கிலே, இத்தகைய குற்றத்துக்குச் சமரசமே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே மாதத்திலே உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தப் பெண் மறுத்ததிலே கல் நெஞ்சம் எதையும் நான் காணவில்லை. தன்னுடைய துன்பத்தைப் பிறர் எடுத்துத் தானம் செய்ய ஒட்டேன் என்றாள், அவ்வளவுதான். மன்னிக்கச் சொல்லி ஊர் பேசலாகாது என்றால், குற்றவாளிக்காகப் பரிந்து பேசும் உரிமை யாருக்குத்தான் உண்டு?

அசோகவனத்திலே அதற்கு ஒரு விடை இருக்கிறது. இராவணன் மாண்ட பிறகு அனுமன் சீதையிடம் ஓடி வருகிறான். இத்தனை மாதமாக உங்களை வதைத்த இந்த அரக்கியரைக் கொன்றுவிடட்டுமா என்று அனுமதி கேட்கிறான். வேண்டாம் என்கிறாள் சீதை. இவர்கள் வேலைக்காரிகள், எஜமான் சொன்னதைச் செய்தார்கள், குற்றம் செய்யாதவர் உலகத்திலே யார் என்று அவர்களுக்காகப் பேசுகிறாள். வால்மீகியில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. அங்கே ஊர்ப் பெரியவர் எவரும் இல்லை. இராமன்கூட அருகில் இல்லை. அடிபட்டவளே பேசுகிறாள். கொடுப்பதற்கு உரிமையுள்ள ஒரே ஆள் அவள். தன் கையிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறாள். வைணவ ஆசாரியர்கள் புருஷகாரம் என்று சொல்லும்போது இந்தச் சீதையைத்தான் முன்னே நிறுத்துகிறார்கள். அவள் பேசாமல் இருந்திருந்தாலும் நாம் அவளைக் குறை சொல்ல முடியாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சீதை மன்னித்தாளே, நீயும் மன்னித்தால் என்ன என்று இன்னொரு பெண்ணிடம் போய்க் கேட்கிறவன் இராமாயணத்தைப் படித்தவன் அல்லன்.

பேசியும் பலிக்காமல் போகிறதே, அப்போது? 1931-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, பகத் சிங்கும் அவன் தோழர்கள் இருவரும் தூக்கிலிடப்படக் கூடாதென்று காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதினார். அன்று மாலையே தூக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் கடுமையாகப் பேசியிருக்க வேண்டும் என்பார் உண்டு. பேசியே பயனில்லை என்பாரும் உண்டு. அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. பரிந்து பேசுகிறவனுக்குப் பேச்சு ஒன்றுதான் ஆயுதம். கேட்கிறவன் காதைப் பொத்திக்கொண்டால், கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆவியர் குலத்துத் தலைவன் பேகனின் கதை அப்படி நின்றுபோன கதைதான். குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் அவன். அந்த வள்ளல் மனைவி கண்ணகியைத் தனியே விட்டுவிட்டு வேறொருத்தியை நாடிப் போனான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள், ஒருவர் பின் ஒருவராக அவனிடம் போய் அவளுக்காகப் பேசினார்கள். எங்களுக்குப் பசியில்லை, பரிசில் வேண்டாம். இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் நாங்கள் வேண்டும் பரிசு என்றார் பரணர். பரிசிலையே நம்பி வாழ்ந்த புலவர் கூட்டம் ஒரு பெண்ணின் கண்ணீருக்காகப் பரிசிலை வேண்டாம் என்றது! அந்தக் கண்ணகி அவர்களிடம் போய் எனக்காகப் பேசுங்கள் என்று கேட்டவளும் அல்லள். நீ பேகனுக்கு உறவோ என்று கேட்டபோது, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நான் அவனுக்கு உறவல்ல என்று சொல்லிவிட்டாள்.

பேகன் தேரேறிப் போனானா என்று அந்தப் பாட்டுக்கள் சொல்லவில்லை.